குண்டு பிரைமரும் கீறல் விழுந்த கதவும்

நாளைக்குச் செவப்பு பெயின்ட் அடிக்கப் போறாங்க. கார் கதவுக்கு ஒரே கவல, கீறல் வெளிய தெரிஞ்சா மானமே போயிரும்.

"என்னப் பூசிக்க, சட்டுன்னு காஞ்சிருவேன். பக்கத்துல நிக்கிற இந்தக் குண்டன் சோம்பேறித் தடியன்"னுச்சு பெயின்டுக்கு முன்னாடி அடியில பூசுற ஒல்லி பிரைமர்.

"அவன் கீறல மேலாக்கப் போத்துவான் தங்கச்சி, நான் ரொப்புவேன். ஆனா உப்புத்தாள் வந்து என்னத் தேச்சு எடுத்துரும், பயந்துக்காத"ன்னுச்சு குண்டு பிரைமர்.

கதவு குண்டையே கூப்பிட்டுச்சு. சாம்பல் மேகம் போத்துன மாதிரி சொகமா இருக்க, அப்படியே தூங்கிப்போச்சு.

முழிச்சுப் பாத்தா உப்புத்தாள் தேய்க்குது, பனி மாதிரி தூசி பறக்குது.

"அண்ணே, போயிட்டீங்களா?"

"மேல இருந்த வரைக்கும் போயிட்டேன்மா. உன் கீறலுக்குள்ள எல்லாம் நான்தான் இருக்கேன், நீ பெயின்ட வரச்சொல்லு."