மான்தலை மாட்டியவன்

இரண்டு மான்கள் முட்டிக்கொண்டு உருண்டன. அதில் ஒன்று என் தங்கை புருஷன் யாலிசெத்.

எது என்றுதான் தெரியவில்லை.

இடுப்புயரப் புதர். ஒரே புழுதி. வெளியே தெரிந்ததெல்லாம் கொம்பும் தோலும்தான்.

யாலிசெத் மான்தலையை மாட்டி, தோலைப் போர்த்திக்கொண்டு, நாலு காலில் மேய்வதுபோல் ஓர் ஆண்மானை நெருங்கினான். ஆண்மான்கள் பெட்டைக்காக வெறிபிடித்துத் திரியும் மாதம் இது. போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று அது பாய்ந்துவிட்டது. அவன் வில் எங்கேயோ தெறித்துப் போனது.

வாய் திறந்தால் எனக்குத் தெரிந்துவிடும். திறக்க மாட்டான். எங்கள் சூமாஷ் குடியில் மான்தலை மாட்டியவன், மான் விழும்வரை மான்தான். மனிதக் குரல் கேட்ட மலையில் அந்த வருஷம் வேட்டையே கிடையாது.

அந்த மான்தலையில் கொம்புகளை ஒட்டியது நான். தங்கை அலுலுமெத்தான் எப்போதும் ஒட்டுவாள். இந்த முறை அவள் கை இரண்டும் உரலில் நசுங்கி, பச்சிலைக் கட்டோடு இருக்கிறாள். காலையில், வேட்டைக்கு முன் உடம்பு வேர்க்க உட்காரும் வியர்வைக் குடிலில் யாலிசெத் சிரித்தான்.

“நீ ஒட்டுன கொம்பு ஓடை வரைக்குமாவது தாங்குமா மச்சான்?”

தாங்கித் தொலைத்தது. ஒன்றாவது கழன்று விழுந்திருந்தால் ஆள் தெரிந்திருக்கும். காய்ச்சிக் காய்ச்சி இரண்டு பூச்சு தார் வைத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பாறைமேல் நின்று நாணை இழுத்துப் பிடித்திருந்தேன். ஒரு அம்புக்குத்தான் நேரம் இருக்கும். ஆள் மாறிவிடக் கூடாது.

கொம்பு ஏதோ ஒரு வயிற்றில் இறங்கியது. இலையெல்லாம் ரத்தம்.

“மச்சான்! வலப்பக்கம் கெடக்கறது நான்! சீக்கிரம் விடு மச்சான், குடல் சரியுது!”

கத்திவிட்டான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வலப்பக்கம் விட்டேன்.

அம்பு கழுத்தில் ஏறியது. நாணல் தண்டு கழன்று விழ, கல்முனை உள்ளேயே தங்கிவிட்டது. அவன் இருமுறை காலை உதைத்தான். ஆண்மான் திகைத்து நின்று என்னைப் பார்த்துவிட்டு, ஓடையைத் தாண்டிப் போயிற்று. போகட்டும், அதன்மேல் எனக்கு என்ன கோபம்?

ஊருக்கு என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட வேண்டாம். மான்தலை மாட்டியவனை மான் என்று எய்துவிடுவது எங்களிடம் நடப்பதுதான். என் சித்தப்பாவே அப்படித்தான் போனார். என்னையும் கட்டிப்பிடித்து அழுவார்கள்.

அலுலுமெத் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

கேட்டால், மூன்று நாளாகத் தொண்டையில் நிற்பதை நானும் கேட்டுவிடுவேன்.

“ரெண்டு கையும் உரலுக்குள்ள இருந்துச்சுன்னா, ஒலக்கைய யாரும்மா புடிச்சிருந்தது?”