கட்டாது

பாத்துவுக்குக் கடைசியாக வந்த விலை ஒன்றேகால் லட்சம். கேட்டவனுக்குச் செய்யது அலி டீ வாங்கிக் கொடுத்து, இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

பாத்து ஒரு சாம்பல் கிளி. கோட்டாற்றில் அவருடைய புளி மண்டியில் உத்தியோகம். யார் என்ன விலை சொன்னாலும், "கட்டாது" என்று ஒரே சொல். அதைக் கேட்டபிறகு ஐந்து ரூபாயாவது இறங்காமல் போன வியாபாரி இல்லை.

அந்தப் பாத்து இப்போது தக்கலையில், டாக்டர் ஜெயசிங்கின் மேசையில், துவர்த்துத் துண்டுக்குள் சுருண்டு கிடந்தது. கால் கம்பியைப் பிடிக்கவில்லை. தின்ற தானியம் அப்படியே வெளியே வந்தது. ஒரு வாரமாகப் பேச்சில்லை. செய்யது அலிக்கும் அதே ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"உடம்பைக் காக்கவேண்டிய படையே சொந்த நரம்பைப் போட்டு அடிக்குது, பாய்."

"காவலுக்கு வெச்சவனே கடைய உடைக்கானா! அவன வேலைய விட்டு நிறுத்தும் டாக்டரே."

"நிறுத்தினா வெளித்திருடன் வருவான். அடக்கித்தான் வைக்கணும். முழுசா தீராது. கம்பியத் தாழ்த்திக் கட்டுங்க. தீனிய ஊறவெச்சுக் கொடுங்க. பக்கத்துல சத்தம் கூடாது. இந்த மருந்து, வேளைக்கு நாலு சொட்டு."

"நாலா? இத்தினிக்காணு ஜீவன். ஒண்ணு போடுவோம்."

"மருந்துலயா பேரம்? மூணு."

"ஒண்ணரை."

டாக்டர் குப்பியை மூடினார். செய்யது அலி கிளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தார். நடந்தார் என்பதைவிட, கூப்பிடுவதற்கு நேரம் கொடுத்தார்.

"செரி, வாங்க. ரெண்டு. அதுக்குக் கீழ இறங்கமாட்டேன்."

முதல் வேளையை டாக்டரே விட்டார். சரியாக இரண்டு சொட்டு.

"ஃபீஸ் மூவாயிரம்."

துவர்த்து அசைந்தது.

"க... கட்டாது."

மருந்து தொண்டையைத் தாண்டியிருக்காது. அது தொழில் பழக்கம்.

செய்யது அலிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ சும்மா கெட மக்கா," என்றார். பிறந்தது முதல் யாரிடமும் செய்யாததைச் செய்தார். கேட்ட பணத்தை, கேட்டபடியே, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் வடசேரிச் சந்தையில் தேங்காய் விற்றவரின் மகன். வந்திருப்பது கோட்டாற்று வியாபாரி என்று தெரிந்ததுமே, எல்லாவற்றையும் இரட்டிப்பாகத்தான் சொல்லியிருந்தார்.

சொட்டுக் கணக்கு நேராகிவிட்டது.

ஆயிரத்து ஐந்நூறு, டாக்டர் பேரில் பாக்கி.