ஒரு வீட்டுக்கு ஒருத்தர்

ஒரு விடுகதை. காலையில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். மத்தியானம் பார்த்தால் உள்ளே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனைக்குப் போகும் வழியில் அப்பா இப்படிக் கேட்டார்.

"பூனை" என்றாள் மகள்.

"பூனைன்னா கொஞ்சம் பாலை வச்சு சமாதானம் பண்ணிடலாமே."

"அப்போ நம்ம மாமா."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"விடுகதை இருக்கட்டும். இன்னைக்காவது எழுந்து போகாம உட்காருவீங்களா?"

"பார்க்கிறேன்."

"பார்க்கிறேன் இல்லைங்க. உங்க பொண்ணு இன்னைக்குத்தான் முதல் தடவையா திருவிருந்து வாங்கப் போறா."

"சரிம்மா. உட்காருறேன்."

மாதத்துக்கு ஒரு முறை திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குவது. மூன்று வருடங்களாக, அப்பத்தட்டை மேசையில் வைத்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். கடைசிப் பாட்டு முடிகிற வரை பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று அவர் சொன்னதில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அன்று மகள் வெள்ளை உடையில் முன்வரிசையில் இருந்தாள். தட்டு வந்தது. அப்பா இரண்டு கைகளாலும் பெஞ்சை இறுகப் பிடித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

"பெத்த பொண்ணோட முதல் நாளுன்னுகூடப் பார்க்கலை பாரேன்" என்றாள் பின்வரிசை அத்தை.

"என்னத்தைச் செஞ்சு வச்சிருக்காரோ மனுஷன்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மகளுக்குக் காது சுட்டது. முதியவர்கள் வாங்கிய பிறகுதான் புதியவர்களின் முறை. அவள் எழுந்து வெளியே வந்தாள்.

"ஏம்ப்பா இப்படி மானத்தை வாங்குறீங்க? எல்லாரும் பேசுறாங்க. அப்படி என்ன பாவம் பண்ணினீங்க?"

அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"நான் முன்னாடி லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தேனே, அந்த வேலை ஏன் போச்சு தெரியுமா?"

"லிஃப்ட் விழுந்து ஒருத்தருக்குக் கால் போச்சுன்னு அம்மா சொன்னாங்க. நீங்க சரியா பார்க்கலைன்னு..."

"பார்த்தேன். கம்பி தேஞ்சுபோச்சு, லிஃப்டை நிறுத்துங்கன்னு கட்டடத்து மேனேஜர்கிட்ட மூணு தடவை சொன்னேன். அடுத்த மாசம் பார்க்கலாம்னார். விழுந்த அன்னைக்கு, மெக்கானிக் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்."

"அடப்பாவி!"

"அதேதான். மூணு வருஷமா எனக்குள்ளே ஓடுற வார்த்தை அது. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி, வெள்ளிக்கிழமை அந்த ஆளை முழுசா மன்னிச்சுடுறேன். ஞாயித்துக்கிழமை அவரோட பின்மண்டையைப் பார்க்கிறேன். அந்தக் கசப்பு மறுபடியும் வந்து உட்கார்ந்துக்குது. காலையில கேட்டேனே விடுகதை, அது இதுதான். பூனையும் இல்லை, உங்க மாமாவும் இல்லை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"யார்மேலயும் கசப்பை வச்சுக்கிட்டு திருவிருந்து வாங்காதேன்னு உங்க ஞாயிறு வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்கல்ல? அதான் வெளியே வந்துடுறேன்."

"பேசாம கையை நீட்டி வாங்கிட்டு வர வேண்டியதுதானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவள் கதவு வழியே உள்ளே வரிசையாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தாள். பிறகு, "பின்மண்டைன்னா, அவர் நம்ம சபைதானா? யாருப்பா?" என்றாள்.

"அது மட்டும் கேட்காதே. சொன்னா நீயும் அவரைப் பார்க்கிறப்போ பல்லைக் கடிப்பே. இது சளி மாதிரி, ஒட்டிக்கும். அதான் இத்தனை நாளா உங்கம்மாகிட்டகூட பேரைச் சொல்லலை. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அலுத்துப்போச்சும்மா. நீ உள்ளே போ. உன் முறை வந்திருக்கும்."

அவள் திரும்பினாள். கதவருகில் மூப்பர் நின்றிருந்தார். போதகருடன் சேர்ந்து அப்பத்தட்டு ஏந்துபவர். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும், அவளுக்கும்தான்.

"இங்கேயா இருக்கே பாப்பா? உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க, வா வா."

அப்பா தலை குனிந்துகொண்டார். அவருடைய விரல்கள் படியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

மூப்பர் அவர் தோளைத் தட்டினார். குரலில் அத்தனை கனிவு.

"இன்னும் அந்த லிஃப்ட் விஷயத்தையே நினைச்சுக்கிட்டு இருக்கியா தம்பி? விசுவாசிக்கு அது அழகா? என்னைப் பாரு. நான் அதை எப்பவோ மறந்துட்டேன்."

மகள் மூப்பரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பற்கள் தாமாகக் கடித்துக்கொண்டன.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். "போம்மா. நீ உள்ளே போ" என்றார், கெஞ்சுவதுபோல.

"இப்போ போனா அது பொய்யாயிடும்ப்பா."

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. வெள்ளை உடையை ஒதுக்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.