தானா சமமாகிற பெயிண்ட்

"பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய ஜீப். ஆறு மாசமா ஞாயிறு தவறாம நானே பட்டி பார்த்து, நானே பெயிண்ட் அடிச்சேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் கிளார்க்.

வேடிக்கை பார்க்க வந்த பெயிண்ட் பட்டறைக்காரர் பானெட்டைத் தடவினார். கண்ணாடி மாதிரி இருந்தது.

"எங்கயும் வழிஞ்ச தடமே இல்லையே!"

"வழியத்தான் செய்யும். அடுத்த ஞாயிறு பார்த்தா இருக்காது. உசத்தி பெயிண்ட், காயக் காயத் தானா சமமாயிடும்."

வாசற்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த கிளார்க்கின் மனைவி நிமிரவே இல்லை.

பட்டறைக்காரர் கதவோரம் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"உப்புத்தாள் கோடெல்லாம் இந்தப் பக்கமே சாயுது. நீங்க இடது கைக்காரரா?"

"இல்லையே, ஏன்?"

"இதைத் தேய்ச்சவர் இடது கைக்காரர். அந்தக் கைக்கு என் பட்டறையில நாளைக்கே வேலை தரேன்!"

கிளார்க் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு மெல்ல வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

மனைவி இடது கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் துடைத்து, அந்தக் கையையே அவரிடம் நீட்டினாள்.

"நீங்க ஆபீஸ் போனதும் சமமாக்கினது இதுதான். சாவியைக் குடுங்க, நாளைக்குப் பட்டறைக்கு ஜீப்லயே போறேன்."