கோலாலம்பூருக்கு ஒரு டிரங்க் கால்

"நெத்திலி கிடக்கட்டும். சாளைக் கருவாடு வருதா, வரலியா? அதைச் சொல்லுங்க."

ஷரீஃபுதீன் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்தார்.

குமாஸ்தா வேலையால் ஊருக்கே 'கிராணி'யாகிவிட்ட தேவதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஜா பெராங் கடைத்தெருவின் அந்த வரிசையில் டெலிபோன் இருப்பது இந்த மளிகைக் கடையில் மட்டும்தான். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். லைன் கிடைத்ததும் அவர்களே கூப்பிடுவார்கள். இங்கே போன் சும்மா இருந்தால்தான் அங்கிருந்து மணி அடிக்க முடியும்.

"வெளியூர் போன் சொல்லி வெச்சவங்க இருக்கிறப்ப யாரும் இதைத் தொடக்கூடாது." இது ஷரீஃபுதீனே போட்ட சட்டம். நேற்றுவரை சொந்த மருமகனைக்கூடத் தொட விட்டதில்லை.

இன்றைக்கு அவரே தொட்டார். விடவில்லை.

கடை வாசல் பெஞ்சில் பொன்னம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் அப்பாசாமிக்குக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நேற்று வயிற்றில் ஆபரேஷன். எப்படி இருக்கிறார் என்று கேட்க, கடை திறந்ததுமே வந்து சொல்லி வைத்திருந்தாள். லைன் வந்ததும் ஆள் அனுப்புகிறேன், வீட்டுக்குப் போங்கள் என்று ஷரீஃபுதீன் சொல்லியும் கேட்கவில்லை. ஒரே மகன் கருணாகரன் ஊருக்கு வெளியே பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் வேலைக்குப் போயிருந்தான்.

சற்று முன் மணி அடித்தபோது அவள் எழுந்தே விட்டாள்.

போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கேட்ட ஷரீஃபுதீன், "உங்களுக்கு இல்லம்மா. எனக்கு. வியாபார விஷயம்" என்றார். மச்சான் யூனுஸைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்லி வேனில் அனுப்பினார். சரக்கு எடுக்கத்தான் இருக்கும். அதிலிருந்து கருவாட்டுப் புராணம்.

"பாய்" என்றார் தேவதாஸ். "அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

ஷரீஃபுதீன் கையைக் காட்டி 'இருங்க' என்றார். "அப்போ புளி? புளி என்ன விலைக்குப் போவுது?"

அடுத்த வாரம் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரே கோலாலம்பூருக்குப் பேச ஆசைப்பட்டதில் லைன் கிடைப்பது குதிரைக் கொம்பாகியிருந்தது. தேவதாஸும் ஒரு கால் சொல்லி வைத்திருந்தார், விழா பார்க்க மச்சினன் வீட்டில் இடம் கேட்க. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பொன்னம்மாவுக்காகப் பேசினால் கேட்க நன்றாக இருந்தது.

"வெள்ளைக்காரனே நாட்டை விட்டுட்டுப் போறான். நீங்க போனை விட மாட்டேங்கிறீங்களே, பாய்."

எண்ணெய் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஷரீஃபுதீன் சிரிக்கவில்லை. அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"விடுங்க கிராணி" என்றாள் பொன்னம்மா. "அவர் போன். அவர் பேசுறாரு. பேசி முடிச்சதும் எனக்கு வந்துடும்."

அவள் அப்படிச் சொன்னதைத்தான் தேவதாஸால் தாங்க முடியவில்லை. புருஷன் பிழைத்தானா என்று தெரியாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனுஷனுக்குப் புளி விலை.

மேசையைச் சுற்றிப் போய், ஷரீஃபுதீன் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் பாயின் தொப்பி கீழே விழுந்தது.

"யாருய்யா அங்க?" என்றார் தேவதாஸ். "ஆஸ்பத்திரி போனுக்காக இங்க ஒரு அம்மா தவிச்சுக்கிட்டு இருக்காங்க. முதல்ல வைங்க."

எதிர்முனையில் வியாபாரி யாரும் இல்லை. பெண் குரல், தணிந்து வந்தது.

"சார், நான் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசுறேன். தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க. அந்தம்மா வீட்டுக்காரர் விடியக்காலையில தவறிட்டாராம். ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னாங்க. மகனைக் கூட்டிட்டு வர பாய் வேன் அனுப்பியிருக்காரு. உங்க லைன் பிஸியா இருக்கிற வரைக்கும்தான் ஆஸ்பத்திரி லைனை நான் நிறுத்தி வைக்க முடியும். நீங்க வெச்சா, அடுத்து அவங்களுக்குத்தான் குடுத்தாகணும்."

ஷரீஃபுதீன் குனிந்து தொப்பியை எடுத்தார், நிமிர நேரமாயிற்று.

"என்ன கிராணி?" என்று பெஞ்சிலிருந்து கேட்டாள் பொன்னம்மா. "வெச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. நமக்குத் தெரிஞ்சவர்தான்."

தேவதாஸ் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்:

"அப்புறம்... வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"