வழுக்காத மாப்பிள்ளை

பதுளைத் துணிக்கடைக்காரர் மகன் இந்திரஜித், தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பண்டாரவளையில் மருதையின் கராஜுக்குக் கொண்டுவந்தான். கல்யாணத் தரகர் சொல்லி அனுப்பிய இடம்.

"பாஸ், வெள்ளிக்கிழமை அப்புத்தளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன். மார்கழி மழையில வழுக்காம ஆக்கித் தாங்க. ரெண்டு இடம் இந்தக் காரைப் பாத்தே வேணாம்னுட்டாங்க. இதாவது அமையணும்."

மருதை டயரைத் தடவிப் பார்த்தார். "பின்சக்கரம் தள்ளுற வண்டி, தம்பி. ஈரத்துல வாலை ஆட்டும். டயரை மாத்தி, டிக்கியில பாரத்துக்கு ரெண்டு மூட்டை மணல் போடணும்."

"நாலு மூட்டையாப் போடுங்க."

"குடிச்சிட்டு ஓட்டுற பழக்கம் உண்டா? பிரேக்குக்காகக் கேக்குறேன்."

"டீதான் குடிப்பேன் பாஸ்."

"என்ன வேகத்துல போவீங்க?"

இந்திரஜித் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "முப்பது. மூடுபனின்னா இருபது. போன வாரம் எல்ல ஊர்ப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறியே ஹோர்ன் அடிச்சு என்னைத் தாண்டிப் போச்சு."

"அப்புறம் எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்?"

"பாக்க அழகா இருக்கில்ல!"

காரை விட்டுவிட்டு அவன் பஸ் ஏறியதும், மருதை அப்புத்தளையிலிருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, மாப்பிள்ளையை நல்லா விசாரிச்சிட்டேன். காரைக் கேள்விப்பட்டுப் பயந்தியே, பையன் தங்கம். தாய்மாமன் நான் சொல்றேன், நம்பிக் குடுக்கலாம். ஆனா அவன் ஓட்டுற வேகத்தை மட்டும் நம்ம சுபாஜினிகிட்ட சொல்லிறாத. புயலாப் பறப்பான்னு நெனச்சுத்தான் அவ சம்மதிச்சிருக்கா!"