கிளவுடா, ஊட்டுப் பொட்டியா?

மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்கியதும் மோகனசுந்தரத்துக்கு வாளையார் மலை இரண்டாகத் தெரிந்தது. அடித்தவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி பூபதிராஜா.

அவரும் சும்மா விடவில்லை. தம்பியின் கழுத்தைப் பிடித்துக் களத்து நெல்லில் அமுக்கி, காதைக் கடித்தார். பூபதி போட்ட சத்தத்தில் சேவல் ஒன்று கேரள எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் ஓடியது, இன்றுவரை திரும்பவில்லை.

"கிளவுட்ல போடுண்ணான்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே! மறந்தாலும் மீட்டுத்தர வழி வெச்சிருக்கற கம்பெனியாப் பாத்துப் போடலாம்னு சொன்னனா இல்லையா?"

"எங்கயோ இருக்கறவன் கம்ப்யூட்டர்ல எஞ்சாவி எதுக்குடா கெடக்கோணும்? நாளைக்கு எவனாவது அதை ஒடைச்சா நீ போயிக் காவல் நிப்பியா, எருமைச்சாணி!"

தாழ்வாரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூபதியின் பெண்டாட்டி கௌசிகா அங்கே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் காதில் ரத்தம் வடிகிறது. அவள் தலையைத் தூக்கவில்லை.

சண்டைக்கு வேர் அந்த லேப்டாப்தான். குடும்பத்தின் பாஸ்வேர்டுகளை எல்லாம் பூட்டி வைக்க ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் வேண்டும், அதைக் கிளவுடில் வைப்பதா, வீட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பதா என்று போன அறுப்பின்போது அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்தது. பேச்சு முடிந்தபோது பூபதிக்கு ஒரு பல் குறைந்திருந்தது.

அந்தச் சூட்டோடு மோகனசுந்தரம் போய் லேப்டாப்பிலேயே போட்டு, தலைமைப் பாஸ்வேர்டையும் அடித்துப் பூட்டினார். வெறியில் விரல் அடித்தது எதுவென்று தலைக்குத் தெரியவில்லை.

இத்தனை நாளும் கைரேகைக்குத் திறந்த பெட்டி, முந்தாநாள் அப்டேட் ஆனதும் பாஸ்வேர்டைக் கேட்டது. குலதெய்வத்தின் பெயர், செத்துப்போன காளையின் பெயர், பெண்டாட்டி கோமதியின் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தார். காளைக்குப் பிறகு தன் பெயர் வந்ததில் கோமதிக்கு வருத்தம் உண்டு.

பெட்டி திறக்கவில்லை. அறுத்த நெல் களத்தில் கிடக்கிறது. சர்க்கார் கொள்முதலுக்குப் பதிவு செய்ய இன்று சாயங்காலம் கடைசி. அந்த சைட்டின் பாஸ்வேர்டு பெட்டிக்குள். மறந்துவிட்டேன் என்று தட்டினால் ஓடிபி வரவேண்டிய போன், மோட்டார் பார்க்கப் போனபோது கிணற்றுக்குள். மலைமேல் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. விட்டால் மொத்த விளைச்சலும் களத்திலேயே முளைத்துவிடும்.

இந்த லட்சணத்தில்தான் காலையில் காப்பி கொடுக்கும்போது கோமதி வாயைத் திறந்தாள். "ஏனுங்க, சொன்னா கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்டச் சாவி குடுத்ததுக்கு ஒரு எருமைகிட்டக் குடுத்திருக்கலாம்னு உங்க தம்பி டீக்கடைல சொல்லிச் சிரிச்சாப்லயாமா."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் பூபதியே மண்வெட்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தான்.

இப்போது அவன் முழங்காலை மடக்கி அண்ணன் வயிற்றில் விட்டான். மோகனசுந்தரம் உருண்டு எழுந்து, மருந்தடிக்கிற டேங்கைத் தூக்கித் தம்பி தலையில் இறக்கினார். டேங்க் உடைந்தது. தலை உடையவில்லை, அது அந்தக் குடும்பத்துத் தலை. அவர் வைய ஆரம்பித்தார்.

"நாசமாப் போறவனே!"

டொக்.

"கெரகம் புடிச்ச மூதேவி!"

டொக்.

கோமதி வந்து விலக்கிவிடுவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இவ்வளவுதானுங்களா? போன அறுப்புல பல்லு விழுந்தன்னைக்கு இதைவிடச் சூடா இருந்தீங்க!"

கட்டியவளே இப்படிச் சொன்னதும் அவருக்குக் கண் இருட்டியது. பூபதி கிடந்தபடியே ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணா, பொட்டிய இடுப்புல கட்டிக்கிட்டு நெல்லுக்கு நீயே காவல் இரு. மொளைச்சா மாட்டுக்கு மேய்ச்சலாச்சு. நீயும் கூடவே மேயலாம்."

வைக்கோல் போரில் அரிவாள் செருகியிருந்தது. மோகனசுந்தரம் அதை உருவினார். தம்பியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஓங்கினார். பூபதியின் சிரிப்பு நின்றது. அரிவாளின் மேல் முதல் தூறல் விழுந்தது.

அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது அந்த வசவு.

"பரங்கிக்காத் தலைப் பன்னாடைப் பயலே!"

இந்தமுறை டொக் கேட்கவில்லை. கோயில் மணிபோல 'டிங்' என்றது. கௌசிகா முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"தொறந்துருச்சுங்க்கா, அந்த வசவுதான் பாஸ்வேர்டு! போதும், நாமதான் ரெண்டு பக்கமும் மூட்டிவுட்டோம்னு சொல்லி மாமாகிட்ட அருவாளை வாங்குங்க!"